வெண்டல் வீட்டுக்கு வந்தவர்கள்

"பேர் சொல்லுங்கப்பா. ஒரே ஒரு பேர் போதும்," என்றாள் பெத்தனி.

வெண்டல் செல்போனைக் காதில் வைத்தபடி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்மணி மிளகாய்ச் செடிகளுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். அவரை யாரோ கின்கா என்று கூப்பிட்டதைக் கேட்ட ஞாபகம்.

"கின்கா," என்றார்.

"யார் அது?"

"பக்கத்து வீடு. தினம் வருவாங்க. சேர்ந்து காபி குடிப்போம்."

மறுமுனையில் பெத்தனியின் குரல் இளகியது.

"நிஜமாவா? நல்லதாப் போச்சு. சனிக்கிழமை நான் வர்றப்போ அவங்களோட சேர்ந்து சாப்பிடலாம். மத்த பிரெண்ட்ஸையும் கூப்பிடுங்க."

"மத்த பிரெண்ட்ஸா?"

"ஏன், கின்கா ஒருத்தர்தானா?"

"சேச்சே. நிறைய பேர் இருக்காங்க," என்றார் வெண்டல்.

அன்று வியாழக்கிழமை.

அப்பாவுக்கும் மகளுக்கும் ஒரு ஒப்பந்தம் இருந்தது. அமெரிக்காவில், டோலிடோ நகரத்தில் வெண்டலின் ஓய்வூதியம் வாடகைக்கே போதவில்லை. பல்கேரியாவில் அதே பணத்துக்கு மலையடிவாரத்தில் ஒரு வீடும் கிணறும் வால்நட் மரமும் கிடைத்தன. போய்ப் பாருங்கள், ஆனால் கோடை முடிவதற்குள் நாலு மனிதர்கள் பழக்கமாகாவிட்டால் திரும்பி வந்து என் வீட்டு நிலவறையில் இருக்க வேண்டும் என்று பெத்தனி விமான நிலையத்தில் சத்தியம் வாங்கியிருந்தாள். அந்த நிலவறையில் ஏற்கெனவே துணி துவைக்கும் இயந்திரமும் மாப்பிள்ளையின் டிரம்ஸும் இருந்தன. மாப்பிள்ளை தினமும் வாசிப்பார்.

ஐந்து மாதமாகியும் கோர்னா ஸ்லிவா கிராமத்தில் ஒருவர்கூட வெண்டலின் வாசற்படி ஏறவில்லை. டோலிடோவில் யாராவது புதிதாகக் குடிவந்தால் அக்கம்பக்கத்தார் கேக் சுட்டு எடுத்துக்கொண்டு வந்து கதவைத் தட்டுவார்கள். அந்த நம்பிக்கையில் அவர் வந்த முதல் வாரமே ஆறு நாற்காலிகள் வாங்கிப் போட்டார். ஐந்தின் மேல் பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை.

ஊர்க்காரர்கள் சிடுமூஞ்சிகள் என்றும் சொல்ல முடியாது. ஒவ்வொரு வீட்டு வாயிற்கதவிலும் அந்த வீட்டுக்காரரின் படமும் பெயரும் போட்ட ஒரு தாள் ஒட்டியிருந்தது. யார் வீடு என்று யாரும் கேட்டுத் திண்டாட வேண்டாம். சிலருடைய படம் மின்கம்பத்திலும் பேருந்து நிறுத்தத்திலும்கூட இருந்தது. வெண்டல் அந்தப் படங்களைப் பார்த்துத்தான் ஊர் எழுத்துகளைப் படிக்கக் கற்றுக்கொண்டார். காலை நடையில் படங்களைப் பார்த்து வணக்கம் சொல்வதும் உண்டு. கின்கா வீட்டு வாசலில் ஒரு மீசைக்காரர் இருந்தார். அவரை ஒருநாளும் நேரில் பார்க்க முடியவில்லை. கூச்ச சுபாவம் போலிருக்கிறது என்று வெண்டல் நினைத்துக்கொண்டார்.

தன் வாசலில் மட்டும் ஒன்றுமில்லை என்பது அன்றுதான் அவருக்கு உறைத்தது. தப்பு என்னுடையதுதான், நான் யார் என்று நான் சொல்லவே இல்லையே.

மீசைக்காரரின் தாளைப் படமெடுத்துக் கணினியில் ஏற்றினார். மேலே ஒரு சிலுவை இருந்தது. பக்தியான ஊர், இருக்கட்டும். படத்துக்குக் கீழே இரண்டு வருடங்கள் இருந்தன. முதலாவது பிறந்த வருடம் என்று புரிந்தது. இரண்டாவதைக் கொஞ்ச நேரம் யோசித்து, ஊருக்குக் குடிவந்த வருடம் என்று முடிவு செய்தார். மீசைக்காரர் எழுபது வயதுக்கு மேல் இங்கே குடிவந்திருந்தார். அறுபத்தாறு வயதில் வந்த வெண்டலுக்கு அது ஆறுதலாக இருந்தது.

கீழே இருந்த வரிகளில் ஒன்றின் மேல் செல்போனைக் காட்டினார். 'மறக்க முடியாத அண்டை வீட்டார்' என்று மொழிபெயர்த்துக் காட்டியது. அவர் அதை இரண்டு தடவை படித்தார். வரிகளை அப்படியே விட்டுவிட்டு, படத்தையும் பெயரையும் வருடங்களையும் மட்டும் மாற்றினார். பிரிண்டரில் கறுப்பு மை மட்டும்தான் இருந்தது. மற்றவர்கள் படமும் கறுப்பு வெள்ளைதான்.

நல்ல வீடுகளின் கதவில் ஒரு கறுப்பு ரிப்பனும் தொங்கும். அதையும் விடுவானேன் என்று நெவேனாவின் கடைக்குப் போனார். எதிர் வீட்டுக் கதவைக் கைகாட்டி, பிறகு தன் மார்பைத் தொட்டுக் காட்டினார். நெவேனா அவரை மேலும் கீழும் பார்த்தாள். சிலுவை போட்டுக்கொண்டாள். ரிப்பனை வெட்டிக் கொடுத்துவிட்டு, காசு வாங்க மறுத்துவிட்டாள். இந்த ஊரில் அவருக்கு இலவசமாகக் கிடைத்த முதல் பொருள் அது.

சாயங்காலம் ஒவ்வொரு கம்பமாக ஒட்டிக்கொண்டு வந்தார். பேருந்து நிறுத்தத்தில் காற்று தாளைப் பிய்த்தது. அந்த நேரம் நகரத்திலிருந்து வரும் கடைசிப் பேருந்து வந்து நின்றது. ஓட்டுநர் மிஹால் இறங்கி, தாளைப் படித்தார். வெண்டலைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வெண்டல் டேப் ஒட்டி முடிக்கும்வரை தாளின் மூலையைப் பிடித்துக்கொண்டார்.

விசிலடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்த வெண்டல் நாற்காலிகளின் பிளாஸ்டிக் உறைகளைப் பிரித்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் கதவு தட்டப்பட்டது.

திறந்தார். கின்கா நின்றிருந்தார். தலையில் கறுப்புத் துணி கட்டியிருந்தார். ஒரு கையில் வேகவைத்த கோதுமையில் சர்க்கரை தூவிய தட்டு, மறு கையில் இரண்டு பூ.

"வாங்க, வாங்க," என்றார் வெண்டல்.

கின்கா அலறினார்.

வால்நட் மரத்திலிருந்த காகங்கள் எல்லாம் எழும்பிப் பறந்தன. எங்கோ ஒரு நாய் ஊளையிட்டது. கோதுமைத் தட்டு மட்டும் அவர் கையில் அசையாமல் இருந்தது. வெண்டல் இரண்டடி பின்வாங்கினார். அந்த இடைவெளியில் கின்கா உள்ளே நுழைந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அலறல் கேட்டு ஊரே வந்தது. எல்லோரும் கறுப்பில் இருந்தார்கள், எல்லோர் கையிலும் இரட்டைப்படையில் பூ இருந்தது. ஆறு நாற்காலிகள் போதவில்லை. வெண்டல் கட்டிலை இழுத்துப் போட்டார். காபி போட்டார். தீர்ந்ததும் மறுபடி போட்டார். வந்தவர்கள் அவரைப் பார்ப்பதும், கண்ணைத் துடைப்பதுமாக இருந்தார்கள். நடுநடுவே வீட்டையும் சுற்றிப் பார்த்தார்கள். நெவேனா சமையலறை அலமாரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடினாள். ஒருவர் சுவரில் ஈரம் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தார்.

ஒரு தாள் செய்த வேலையைப் பார்த்து வெண்டல் மலைத்துப்போனார். இத்தனை ஈர நெஞ்சுக்காரர்களா இவர்கள்?

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார்.

"நான் ராடோ. எப்படிண்ணே இருக்கீங்க?" என்றார் ஆங்கிலத்தில்.

"அருமையா இருக்கேன். நீங்க இங்கிலீஷ் பேசறீங்களே."

"சிகாகோல லாரி ஓட்டினேன், ரொம்ப வருஷம்."

"இத்தனை மாசமா எங்க இருந்தீங்க?"

"மேல் தெருவுல."

"வரவே இல்லையே?"

"நீங்க கூப்பிடவே இல்லையே." ராடோ கட்டிலில் உட்கார்ந்தார். "அதை அப்புறம் பேசலாம். முதல்ல இது. நீங்க செத்துட்டீங்கண்ணே."

வெண்டல் காபிப் பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

"என்ன சொன்னீங்க?"

"கதவுல ஒட்டியிருக்கீங்களே. இங்க படம் ஒட்டினா ஆள் போயிட்டார்னு அர்த்தம். கோதுமையும் இரட்டைப்படைப் பூவும் செத்தவருக்குத்தான். அப்புறம் நாற்பதாம் நாளுக்கு ஒண்ணு, ஆறு மாசத்துக்கு ஒண்ணு, வருஷா வருஷம் ஒண்ணு ஒட்டுவோம். 'ஆழ்ந்த துயரத்துடன் தெரிவிக்கிறோம்'னு ஆரம்பிச்சிருக்கீங்க. யாரெல்லாம் சேர்ந்துண்ணே தெரிவிக்கிறீங்க?"

"நான் மட்டும்தான்," என்றார் வெண்டல் மெதுவாக.

பிறகு அவருக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. காலையில் வணக்கம் சொன்ன முகங்கள். இரண்டாவது வருடம். கூச்ச சுபாவமுள்ள மீசைக்காரர். அவர் திரும்பிக் கின்காவைப் பார்த்தார். கின்கா மூன்றாவது காபியை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"ஐயோ, நாளைக்கு என் பொண்ணு வர்றா," என்றார்.

கதவுக்கு ஓடி, தாளைப் பிய்க்கக் கை நீட்டினார். பின்னாலேயே வந்த கின்கா அவர் கையில் ஓங்கி ஓர் அடி போட்டார்.

"அக்கா என்ன சொல்றாங்கன்னா," என்றார் ராடோ, "செத்தவர் தாளைப் பிய்க்கறது பாவம். பிய்ச்ச வீட்ல இன்னொரு சாவு விழுமாம்."

"இந்த வீட்ல நான் ஒருத்தன்தானே இருக்கேன்."

"அதான் சொல்றாங்க."

வெண்டல் உள்ளே போய்த் தடித்த பேனா எடுத்து வந்தார். "அப்ப அதுக்குக் கீழேயே எழுதிடறேன். எப்படி எழுதணும்னு சொல்லுங்க. 'இவர் சாகவில்லை, எழுந்துவிட்டார்'னு."

அங்கிருந்த பாதிரியார் தாடியைத் தடவிக்கொண்டு ஏதோ சொன்னார். கூட்டம் தலையை ஆட்டியது.

"அது முடியாதாம்ணே. அந்த வாக்கியத்தை ஒரே ஒருத்தருக்குத்தான் எழுதலாமாம். அவருக்கே மூணு நாள் ஆச்சாம்."

வெண்டல் பேனாவை மூடினார். செல்போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார். அவள் விமானத்தில் ஏறியிருந்தாள். வீட்டு வாசலிலும் ஆறு கம்பங்களிலும் பேருந்து நிறுத்தத்திலும் அவளுடைய அப்பா கறுப்பு வெள்ளையில் சிரித்துக்கொண்டிருந்தார்.

"வேற வழியே இல்லையா?" என்றார்.

ராடோ கூட்டத்தோடு கொஞ்ச நேரம் பேசினார். கைகள் அசைந்தன. பாதிரியார் ஒரு விரலை உயர்த்தினார். நெவேனா எதையோ கணக்குப் போட்டாள்.

"ஒரு வழி இருக்கு," என்றார் ராடோ. "காரியத்தை முடிச்சுடணும். செத்தவர் வீட்ல ஊருக்குச் சோறு போட்டாச்சுன்னா, அதோட சரி. தாளை எடுத்துடலாம்."

"செத்தவர் உயிரோட இருந்தாலுமா?"

"அதைப் பத்தி வழக்கத்துல ஒண்ணும் சொல்லல."

"எப்போ போடறது?"

"நாளைக்கு மத்தியானம். பொண்ணு எப்ப வருது?"

"சாயங்கால பஸ்ல."

"அப்ப சரியா இருக்கும். அதுக்குள்ள முடிச்சு, தாள் எல்லாத்தையும் எடுத்துடலாம். ஆனா முழு ஆடு வேணும்ணே. அரை ஆடு போட்டா ஆத்மா பாதியில நிக்கும்னு பாதிரியார் சொல்றார்."

வெண்டல் தலையாட்டினார். இந்த ஊரில் மேலும் கீழும் தலையாட்டினால் இல்லை என்று அர்த்தம் என்பது நினைவுக்கு வந்து, அவசரமாகப் பக்கவாட்டில் ஆட்டினார்.

சனிக்கிழமை காலையில் தோட்டத்தில் நீள மேசைகள் முளைத்தன. ஆடு வந்தது. பாலாடைக்கட்டி அடைத்துச் சுட்ட பனித்சா தட்டுத் தட்டாக வந்தது. நெவேனா கடையிலிருந்த ரக்கியா சாராயம் முழுவதும் வெண்டலின் பெயரில் வந்தது. வெண்டல் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரப் போனார். ராடோ தோளைப் பிடித்து எழுப்பினார்.

"செத்தவர் பந்தியில உட்காரக்கூடாதுண்ணே."

"அப்ப நான் என்ன செய்யறது?"

"பரிமாறலாம்."

வெண்டல் பரிமாறினார். ரக்கியா ஊற்றினார். ஒவ்வொருவரிடமும் போய், ராடோ சொல்லிக்கொடுத்தபடி, அவரவர் பெயரைச் சொல்லி, சாப்பிடச் சொன்னார். சாப்பிட்டவர்கள் எழுந்து நின்று, அவரைப் பற்றி ஆளுக்கு நாலு வார்த்தை சொன்னார்கள்.

"என்ன சொல்றாங்க?"

"நல்ல மனுஷன்கிறாங்க. தக்காளிக்கு உச்சி வெயில்ல தண்ணி ஊத்தறதைத் தவிர."

"சரி, ஏன் ஒருத்தரும் இத்தனை நாள் வரல? அதைச் சொல்லுங்க. எங்க ஊர்ல புதுசா வந்தவனுக்கு கேக் கொண்டுவருவாங்க."

ராடோ எலும்பைத் தட்டில் வைத்தார். "இங்க தலைகீழ்ண்ணே. யாருக்கு நல்லது நடந்துச்சோ அவங்கதான் மத்தவங்களுக்குத் தரணும். பொறந்தநாள்னா பொறந்தவன் தரணும். கார் வாங்கினா வாங்கினவன் தரணும். வீடு வாங்கினா..."

"நான் கேக்குக்காகக் காத்திருந்தேன்," என்றார் வெண்டல்.

"விடுங்க. அதெல்லாம் உயிரோட இருந்தப்போ. இப்ப பேசி என்ன ஆகப்போகுது?"

பெத்தனி மத்தியானப் பேருந்திலேயே வந்துவிட்டாள்.

நிறுத்தத்தில் இறங்கிய அவள் முதலில் பார்த்தது அப்பாவின் படத்தைத்தான். சிரித்தாள். பிறகு சிலுவையைப் பார்த்தாள். இரண்டு வருடங்களையும் பார்த்தாள். அமெரிக்காவில் வளர்ந்த யாருக்கும் அதைப் படிக்கப் பல்கேரிய மொழி தேவையில்லை, அவளுடைய அப்பாவைத் தவிர. அடுத்த கம்பத்திலும் அதே படம். அதற்கடுத்ததிலும். அவள் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு ஓடினாள்.

கறுப்பு ரிப்பன் கட்டிய கதவைத் தள்ளினாள். தோட்டம் நிறையக் கறுப்பு உடை மனிதர்கள். எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். கின்கா எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டார். பெத்தனி அந்தத் தோளில் சாய்ந்து விம்மினாள்.

சமையலறையிலிருந்து ரொட்டிக் கூடையோடு வெண்டல் வெளியே வந்தார்.

"வந்துட்டியா? சாயங்காலம்னு சொன்னே," என்றார்.

பெத்தனியின் அழுகை நின்றது. குனிந்து செருப்பைக் கழற்றினாள். முதலாவது வெண்டலின் காதை ஒட்டிப் போய் ஆட்டுக்கறிப் பாத்திரத்தில் விழுந்தது. இரண்டாவது குறி தப்பவில்லை.

"இது பிரெண்ட்ஸோட சாப்பாடு," என்றார் வெண்டல், நெற்றியைப் பிடித்துக்கொண்டு. "நீதானே கேட்டே?"

நடந்ததை அவர் சொல்லச் சொல்ல, ராடோ இடையிடையே திருத்தத் திருத்த, பெத்தனியின் முகம் மேலும் மேலும் இறுகியது.

"பேக் பண்ணுங்க. இன்னைக்கே கிளம்பறோம். உயிரோட இருக்கோம்கிறதே தெரியாத மனுஷனை எப்படித் தனியா விடறது?"

உள்ளே போய் அவர் பெட்டியை எடுத்துக் கட்டில்மேல் வைத்துத் துணிகளைத் திணிக்க ஆரம்பித்தாள். வெண்டலுக்கு நிலவறையும் டிரம்ஸும் நினைவில் வந்தன. தோட்டத்தில் இத்தனை பேரைப் பார்த்த பிறகு அது முன்பைவிட ஆழமான நிலவறையாகத் தெரிந்தது.

கின்கா உள்ளே வந்தார். பெட்டியிலிருந்து ஒரு சட்டையை எடுத்தார். மடித்து அலமாரியில் வைத்தார். இன்னொன்றை எடுத்தார். பெத்தனி ராடோவைப் பார்த்தாள்.

"இவங்கதான் கின்காவா? கேளுங்க. இவங்க நிஜமாவே தினம் இங்க வர்றாங்களா?"

ராடோ கேட்டார். கின்கா துணி மடிப்பதை நிறுத்தாமல் பேசினார்.

"வேலிவரைக்கும் தினம் வர்றாங்களாம். இவர் ஏழு மணிக்கு ஜன்னல் திறப்பாராம். காபிக்கு ரெண்டு சர்க்கரை. சட்டையைத் தோள்ல கிளிப் போட்டுக் காயவைப்பாராம், அது தப்பாம், அடியில போடணுமாம். போன மாசம் ஒரு வாரம் இருமினாராம், நெவேனாகிட்ட சொல்லி இருமல் மருந்து கடையில முன்னாடி எடுத்து வைக்கச் சொன்னாங்களாம். ஒருநாள் ஏழரைவரைக்கும் ஜன்னல் திறக்கலையாம். இவங்க ஏணியை எடுத்து வேலில சாத்திட்டாங்களாம். ரெண்டு படி ஏறினப்புறம்தான் திறந்தாராம்."

வெண்டலோ, இருமல் மருந்து கண்ணெதிரே இருந்தது தன் அதிர்ஷ்டம் என்று நினைத்திருந்தார்.

பெத்தனி கட்டிலில் உட்கார்ந்தாள். தோட்டத்தில் நிறைந்திருந்த கூட்டத்தைப் பார்த்தாள்.

"டோலிடோல நீங்க செத்தா," என்றாள், "நானும் இன்சூரன்ஸ்காரரும்தான் வருவோம்."

"மாப்பிள்ளை?"

"அவருக்கு ரிகர்சல் இருக்கும்." பெட்டியை மூடினாள். காலியாக. "இருங்கப்பா. ஆனா இனிமே எதையாவது ஒட்டறதுக்கு முன்னாடி ராடோகிட்ட கேளுங்க."

திங்கட்கிழமை அவள் கிளம்பினாள். வெண்டலும் கின்காவும் ராடோவும் நிறுத்தத்துக்கு வந்து கையசைத்தார்கள். கம்பங்களில் தாள் இல்லை. பெத்தனி ஓட்டுநருக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்தாள். மிஹால் இங்கிலாந்தில் ஸ்ட்ராபெரி பறித்தவர், அளவான ஆங்கிலம் வைத்திருந்தார்.

"அப்பா நல்லா இருக்காரா?"

"இருக்கார்," என்றாள் பெத்தனி. "எனக்குத்தான் இன்னும் படபடப்பு அடங்கல. ஆனா உங்க வழக்கம் எனக்குப் பிடிச்சிருக்கு. செத்தவரா நினைச்ச ஆள் உயிரோட இருந்தா, அவரே ஊருக்குச் சோறு போடணும், உட்காராம பரிமாறணும், அப்புறம்தான் தாளை எடுக்கலாம்கிறது."

மிஹால் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார்.

"அப்படி ஒரு வழக்கமா? யார் சொன்னா?"

"ராடோ. பாதிரியாரும் சொன்னார். இவர் செத்துட்டார்னு நம்பித்தானே அன்னைக்கு எல்லாரும் வந்தீங்க? கின்கா அப்படி அலறினாங்களாமே."

"அக்கா கொஞ்சம் அதிகமாவே அலறிட்டாங்க," என்றார் மிஹால், வளைவில் பேருந்தைத் திருப்பிக்கொண்டே. "வியாழக்கிழமை அவர் விசிலடிச்சுக்கிட்டே ஒட்டறப்போ தாளோட மூலையைப் பிடிச்சுக்கிட்டதே நான்தாம்மா, வீடு வாங்கி அஞ்சு மாசமாச்சு, உயிரோட இருக்கிற வரைக்கும் இந்த மனுஷன் ஊருக்கு விருந்து வைக்க மாட்டார்னு தெரிஞ்சுபோச்சு, சரி, சாகட்டும்னு விட்டுட்டோம்."